ஆயில் இஞ்சின் ஆடினால் முதலில் எங்கே கை வைப்பது?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் மின்கம்பங்கள் வரிசையாக ஒடிந்து வயலில் கிடந்தன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும், கொட்டகை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்த தாத்தா காலத்து ஆயில் இஞ்சினைக் கிளப்பினோம். இரண்டாவது சுற்றிலேயே கிளம்பிவிட்டது. ஆனால் அது ஓடிய ஓட்டத்தில், மேடை ஓரத்தில் வைத்திருந்த டீசல் கேன் தானாகவே நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. பெல்ட்டை மாட்டினால் சுவரில் காரை உதிர்ந்தது. தண்ணீர் இறைத்தே ஆகவேண்டிய நேரம், அதனால் ஓட்டினோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் டீசல் குழாயின் இணைப்பில் விரிசல். மேடை போல்டு ஒன்று கழுத்தோடு முறிந்திருந்தது.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் ஆறேழு இஞ்சின்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். இப்போது நிறைய இளைஞர்கள் பழைய இஞ்சின்களை வாங்கி ஜெனரேட்டர் ஓட்டவும், செக்கு ஓட்டவும், சும்மா ஆசைக்கு வைத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஆட்டத்தைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பக்கமாக ஆடுகிறது? அது தெரியாமல் போல்டை முறுக்குவதும், ரப்பர் வைப்பதும், வீலில் இரும்பைக் கட்டுவதும் வீண் வேலை.

நான் இங்கே சொல்வது நிமிடத்துக்கு 600 முதல் 850 சுற்றுவரை ஓடும், இரண்டு பக்கமும் கனத்த சுழல்சக்கரம் உள்ள இரண்டு வீல் இஞ்சின்களுக்கு. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி செய்த மாடலும், அதைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்த இஞ்சின்களும்தான் நம் பக்கத்தில் அதிகம். 1500 சுற்று ஓடும் சின்ன வீல் இஞ்சினுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

ஏன் ஆடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 6 குதிரைத்திறன் லிஸ்டர் மாடலில் பிஸ்டன் மேலிருந்து கீழே ஐந்தரை அங்குலம் போய்வருகிறது. 650 சுற்றில் ஓடினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 11 முறை. ஒவ்வொரு முறையும் நின்று, திரும்பி, மறுபடி பாய வேண்டும். கணக்குப் போட்டால், மேலும் கீழும் போய்வரும் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 33 கிலோ விசை இஞ்சினை மேலே தூக்கும், அடுத்த அரைச் சுற்றில் கீழே அழுத்தும். பிஸ்டன், பின், ரிங்கு, கனெக்டிங் ராடின் மேல்பாதி எல்லாம் சேர்ந்து சில கிலோ வரும். அப்படியென்றால் ஒன்றிரண்டு ஆள் எடைக்கு நிகரான விசை நொடிக்குப் 11 முறை தூக்கித் தூக்கிப் போடுகிறது.

இந்த விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 650-ல் ஓட வேண்டியதை 850-ல் ஓட்டினால் வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் உதறல் விசை 1.7 மடங்காகிறது. பம்பு வேகமாகச் சுற்ற வேண்டுமென்றால் புல்லியை மாற்றுங்கள், ஆக்சிலேட்டர் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். வார்ப்பிரும்பு வீலுக்கும் இதே இருமடிக் கணக்குதான். வீல் வெடித்தால் கொட்டகையில் நிற்பவர் பிழைப்பது அரிது.

முதல் வேலை: பெல்ட்டைக் கழற்றுங்கள்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு இஞ்சினை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் பாதியாகக் குறைந்தால் கோளாறு இஞ்சினில் இல்லை. பெல்ட் ஜாயிண்ட் தடித்திருக்கும், அல்லது இரண்டு புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்காது. ஒரு நூலை இஞ்சின் புல்லியின் முகத்தோடு ஒட்டி இழுத்துப் பம்பு புல்லிவரை பிடியுங்கள். நான்கு இடத்திலும் நூல் தொட வேண்டும். பெல்ட் ஜாயிண்ட் ஒவ்வொரு முறை புல்லியில் ஏறும்போதும் 'தப்'பென்று ஒரு அடி விழும். கண்ணை மூடிக் கேட்டாலே அது இஞ்சின் தாளத்தோடு சேராமல் தனியாக ஒலிப்பது தெரியும். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் காற்று வாங்கினாலும் பளு ஏறி இறங்கி இஞ்சின் குலுங்கும்.

அடுத்து, வெடி ஒழுங்காக விழுகிறதா என்று பாருங்கள். இது நாலு ஸ்ட்ரோக் இஞ்சின். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, அதாவது 650 சுற்றில் நிமிடத்துக்கு 325 வெடி. சைலன்சர் வாயில் புகை ஒரே அளவான உருண்டைகளாக வர வேண்டும். ஐந்தாறுக்கு ஒன்று விட்டுப்போனால் அந்த இடத்தில் இஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கும். பெரும்பாலும் டீசல் தெளிக்கும் நாசில் சொட்டுவது, டீசலில் காற்று இருப்பது, வால்வு சரியாக உட்காராதது இவற்றில் ஒன்றுதான் காரணம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பியில் துருவேறி வேகம் ஏறி ஏறி இறங்கினாலும் இதே கதைதான். இவற்றைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். வெடி சரியில்லாத இஞ்சினில் வீலுக்கு எடை கட்டிப் பார்ப்பது காய்ச்சல்காரனுக்கு உயரம் அளப்பது போல.

'ணங் ணங்' என்று உலோகச் சத்தம் கேட்டால் அது ஆட்டம் இல்லை, தட்டல். பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) தேய்மானம், டீசல் பாயும் டைமிங் முந்திப் போனது, வீல் சாவி (வீலை அச்சோடு பிடிக்கும் இரும்பு ஆப்பு) தளர்ந்தது ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றாவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது: மேடை பிடித்திருக்கிறதா?

மன்னார்குடியில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த லேத்து பட்டறைப் பெரியவர் ஒருநாள் ஒரு எண்ணெய்க் குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். ஓடிக்கொண்டிருந்த இஞ்சினின் நான்கு கால்களும் கான்கிரீட்டில் உட்காரும் விளிம்பில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார். மூன்று காலில் எண்ணெய் அப்படியே நின்றது. நான்காவதில் விளிம்போடு சின்னச் சின்னக் குமிழி வந்து வந்து உடைந்தது.

"பாருங்க தம்பி, மூச்சு வாங்குது. கால் தூக்குது."

"போல்டு டைட்டாத்தானே இருக்கு அண்ணே?"

"போல்டு டைட்டுதான். அது பிடிச்சிக்கிட்டு இருக்குற சிமெண்டு செத்துப்போச்சு."

இந்தச் சோதனையை நான் இன்றுவரை விடாமல் செய்கிறேன். குமிழி வந்தால் அந்தக் காலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே அசைவு இருக்கிறது. இஞ்சினை நிறுத்தி, அந்த ஒரு போல்டை மட்டும் தளர்த்தி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே விட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் அந்தக் கால் தொங்குகிறது; போல்டை முறுக்கி முறுக்கி வலுக்கட்டாயமாக உட்காரவைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குத் தகடு வெட்டிப் போடுங்கள். அப்படியே விட்டால் பெட் (இஞ்சினின் அடிப்பாகம்) நெளிந்து பேரிங்குக்கும் கேடு.

கான்கிரீட் மேல்பரப்பு கருப்பாக எண்ணெய் குடித்து, உளியால் தட்டினால் புட்டு மாதிரி உதிர்ந்தால், நல்ல சாம்பல் நிறக் கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுங்கள். ஒன்று அல்லது இரண்டு அங்குலம் போகவேண்டியிருக்கும். இஞ்சினை இரும்பு ஆப்புகளின் மேல் வைத்து, ரசமட்டம் பார்த்து, சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை) ஊற்றுங்கள். அதை வெறும் சிமெண்ட் பாலால் பூசிவிட்டுப் போகிற கொத்தனாரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். ஒரே போகத்தில் பெயர்ந்துவிடும்.

இதே சோதனையை மேடைக்கும் மண்ணுக்கும் செய்யலாம். மேடையைச் சுற்றி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு இஞ்சினை ஓட்டுங்கள். ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் கொப்பளித்துக் கொப்பளித்து உள்ளே போய் வெளியே வந்தால் மேடையே மண்ணில் ஆடுகிறது. அதற்குப் பிறகு மேலே என்ன செய்தாலும் பயனில்லை. மேடையைத்தான் மாற்றியாக வேண்டும்.

டெல்டா மண்ணில் மேடை போடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பாதி ஆட்டம் இங்கேதான் பிறக்கிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிளவு உங்கள் கொட்டகைக்குள்ளும் வருகிறது. தாளடி அறுக்கும்வரை கல் மாதிரி நின்ற இஞ்சின், கோடையில் ஏன் ஆடுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மேடைக்கு ஒரு பக்கம் மண் விலகிவிட்டது.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லணைக் கால்வாய் பாயும் செம்மண் பூமியில் இந்தத் தொல்லை குறைவு. வேதாரண்யம் பக்கத்து மணலில் தொல்லை வேறு மாதிரி: ஆட்டம் பட்டுப் பட்டுத் தளர்ந்த மணல் இறுகும், மேடை ஒரு பக்கமாக இறங்கிச் சாயும். அங்கே மேடை போடுவதற்கு முன்பே மணலைத் தண்ணீர் விட்டு நன்றாக இறுக்கிவிட வேண்டும்.

களிமண்ணுக்கு நான் சொல்லும் அளவு: நீளம் 5 அடி, அகலம் 3 அடி, கான்கிரீட் கனம் 2 அடி. 30 கன அடி. ஒரு கன அடி கான்கிரீட் சுமார் 68 கிலோ, ஆக மொத்தம் 2 டன்னைத் தாண்டும். 6 குதிரைத்திறன் இஞ்சின் வீலோடு சேர்த்து 300 கிலோவுக்கு மேல். அதைப்போல ஐந்தாறு மடங்கு எடை கீழே இருந்தால் உதறல் அதை அசைக்கத் திணறும். ஆழத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது நல்லது. இஞ்சினின் கனம் உயரத்தில் இருக்கிறது. வீல் சுற்றும் திசையில் மேடை நீளமாக இருந்தால்தான் முன்னும் பின்னும் சாய்வது அடங்கும்.

குழியை மூன்றரை அடிவரை தோண்டுங்கள். அடியில் ஒன்றரை அடிக்கு மணல் போட்டு, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து இறுக்குங்கள். மேடையின் நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு அதிலும் மணலையே நிரப்புங்கள். களிமண் உப்பினாலும் சுருங்கினாலும் அந்த மணல் ஈடுகொடுக்கும். கொட்டகைச் சுவரோடு மேடையைச் சேர்த்துக் கட்டவே கூடாது. எங்கள் வீட்டில் காரை உதிர்ந்ததற்குக் காரணம் அதுதான். யாரோ ஒரு காலத்தில் செங்கல் மிச்சம் பிடிக்க மேடையைச் சுவரோடு ஒட்டிவிட்டிருந்தார்கள்.

கலவை ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு போதும். போல்டுகளைக் கான்கிரீட்டில் நேராகப் புதைக்காமல், ஒவ்வொன்றையும் ஒன்றரை அங்குலக் குழாய்க்குள் நிறுத்திப் போடுங்கள். இஞ்சினை உட்காரவைக்கும்போது கொஞ்சம் அசைத்துப் பொருத்த இடம் கிடைக்கும், பிறகு குழாயை கிரவுட்டால் நிரப்பிவிடலாம். குறைந்தது ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விடுங்கள். இஞ்சினை ஓட்டுவதற்கு 28 நாள் பொறுத்தால் நல்லது. புயலும் பஞ்சமும் இல்லாத காலத்தில் இந்தப் பொறுமை எல்லோராலும் முடியும்.

டயர் துண்டு வைக்காதீர்கள்

இஞ்சின் ஆடுகிறது என்றதும் லாரி டயரை வெட்டிக் காலுக்கு அடியில் வைக்கச் சொல்லும் ஆலோசனை நம் பக்கத்தில் சர்வசாதாரணம். எனக்கும் ஒரு பட்டறையில் அப்படித்தான் சொன்னார்கள், வைத்தேன். இஞ்சின் முன்பைவிட மோசமாகத் துள்ளியது.

காரணம் இது. மெத்தென்ற எதன்மேல் எடையை வைத்தாலும் அதற்கென்று ஒரு இயல்பான ஆட்ட வேகம் உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பது போல. எடை ஏறியதும் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்தே அந்த வேகத்தை ஏறக்குறையக் கணக்கிடலாம். 2 மில்லிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு 11 ஆட்டம். நம் இஞ்சின் 650 சுற்றில் ஓடுவது நொடிக்கு 10.8. ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. டயர் துண்டு அமுங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். உண்மையில் தடுக்க வேண்டுமென்றால், வெடி விழும் நொடிக்கு 5.4 துடிப்பையும் சேர்த்துப் பார்த்தால், 17 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கும் ஸ்பிரிங் தேவை. அப்படிப்பட்ட மிதவையில் பெல்ட் போட்டுப் பம்பு ஓட்ட முடியாது. ஆகவே, பம்பு இஞ்சினுக்கு ரப்பர் வேண்டாம். கனத்த மேடைதான் வழி.

மூன்றாவது: வீல்

கழுத்தில் துண்டு, தழையத் தழைய வேட்டி இவற்றோடு வீல் பக்கத்தில் போகக்கூடாது. இரண்டடி விட்டமுள்ள வீலின் விளிம்பு 650 சுற்றில் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சாவியின் கொண்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்களில் அதுவே துணியைப் பிடித்து இழுத்துவிடும். ஒரு மூடி போட்டுவிடுங்கள்.

டீசலை அடைத்து, சிலிண்டரில் அழுத்தம் ஏறாமல் செய்யும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு செங்கல்லின் மேல் சாக்பீஸை அசையாமல் பிடித்து, விளிம்பின் பக்கவாட்டில் லேசாகத் தொடும்படி கொண்டுபோங்கள். கோடு முழு வட்டமாக விழுந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் விழுந்து மறுபக்கம் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) இடைவெளி தெரிந்தால் வீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. விளிம்பின் மேற்புறத்திலும் இதேபோல் பாருங்கள். அங்கே ஏறி இறங்கினால் மையம் தப்பியிருக்கிறது.

இதற்கு முக்கால்வாசிக் காரணம் சாவி. வீலின் துளை அச்சைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால், சரிவான சாவியை அடித்து இறக்க இறக்க அது வீலை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். சாவியைக் கழற்றி, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகத் தடவி, மறுபடி போட்டு எடுங்கள். மேலும் கீழும் முழு நீளத்துக்குக் கரி அழிந்திருக்க வேண்டும். முனையில் மட்டும் அழிந்திருந்தால் அரம் போட்டுப் பொருத்த வேண்டும், அவசரப்படாமல். அரை நாள் வேலை. தளர்ந்த சாவியோடு ஓட்டினால் முதலில் 'ணங்' சத்தம் வரும், பிறகு சாவித்தடம் அகன்றுபோகும், கடைசியில் வீலே பிளக்கும்.

வீலைக் கழற்றிய கையோடு கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். கோயில் மணி போல் நீண்டு ஒலித்தால் நல்ல வீல். 'டப்'பென்று செத்த சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. அந்த வீலை வெல்டு வைத்துப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், எடைக்குப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், கனப் பக்கம். இந்த இஞ்சின்களில் பிஸ்டனுக்கு ஈடான எதிர் எடை கிராங்க் அச்சில் இல்லை, வீலில் வார்த்திருக்கிறார்கள். விளிம்பின் உட்புறம் ஒரு பக்கம் தடித்திருப்பதைப் பார்க்கலாம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது இரண்டு வீலிலும் அந்தத் தடித்த பக்கம் நேர்க்கீழே இருக்க வேண்டும். நீடாமங்கலம் பக்கம் ஒரு இஞ்சின் எதற்கும் அடங்காமல் குலுங்கியது. பார்த்தால், ஒரு வீல் பழைய இரும்புக்கடையில் வாங்கியது. அதன் சாவித்தடம் கால் வட்டம் தள்ளி வெட்டப்பட்டிருந்தது. எதிர் எடை கீழே இருக்க வேண்டிய நேரத்தில் பக்கவாட்டில் நின்றது. லேத்தில் புதுச் சாவித்தடம் வெட்டியதோடு அந்த இஞ்சினின் நோய் தீர்ந்தது. தடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால், வீலைக் கழற்றி ஒரு உருண்டைத் தண்டில் மாட்டி, மட்டம் பார்த்த இரண்டு ஆங்கிள்களின் மேல் உருளவிடுங்கள். கனப் பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள்.

கடைசியாக எடை பார்ப்பது

மேலே சொன்னதெல்லாம் சரியாகி, இன்னும் ஆடினால் மட்டும் இங்கே வாருங்கள். இஞ்சினை மேடையிலிருந்து எடுத்து, இரண்டு கனமான மரச்சட்டங்களில் போல்டு போட்டுப் பொருத்தி, இறுகிய சமதரையில் வையுங்கள். பெல்ட் கிடையாது. இஞ்சின் உடம்பில் ஒரு பென்சிலைக் கம்பியால் இறுகக் கட்டுங்கள், கூர் வெளிப்பக்கம் நீட்டும்படி, சின்னதாக. மூன்றடி தள்ளி மூங்கில் முளை அடித்து, ஒரு நீளப் பலகையின் முனையில் வெள்ளை அட்டையை ஒட்டி, பலகையை அந்த முளையில் சாய்த்துப் பிடியுங்கள். இஞ்சின் சீரான வேகத்துக்கு வந்ததும் அட்டையை ஒரு நொடி பென்சிலில் தொடவிட்டு எடுத்துவிடுங்கள்.

அட்டையில் விழும் சின்னக் கோலத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நின்ற முட்டை போல் மேல்-கீழாக நீண்டிருந்தால் எதிர் எடை போதவில்லை. படுத்த முட்டையாக இருந்தால் எதிர் எடை அதிகம். ஏறக்குறைய உருண்டையாக இருந்தால் இனி தொடவேண்டாம். வீலில் போடும் எடை மேல்-கீழ் ஆட்டத்தை அழிப்பதில்லை, அதில் ஒரு பகுதியை முன்-பின் ஆட்டமாக மாற்றுகிறது. இரண்டையும் ஒருசேர இல்லாமல் செய்ய ஒற்றை சிலிண்டரில் முடியாது. பாதிக்குப் பாதி பங்கிடுவதுதான் நோக்கம்.

எங்கள் இஞ்சினில் முதலில் விழுந்த கோலம் மேல்-கீழ் ஒன்றரை மில்லிமீட்டர், முன்-பின் கால் மில்லிமீட்டர். கனெக்டிங் ராடு மாட்டியிருக்கும் கிராங்க் பின்னுக்கு நேர் எதிரே, வீலுக்கு 200 கிராம் வீதம் இரண்டு வீலிலும் போட்டதும் மேல்-கீழ் ஒன்றாகக் குறைந்தது, முன்-பின் முக்காலாகக் கூடியது. அங்கேயே நிறுத்திக்கொண்டோம். எப்போதும் இரண்டு வீலிலும் ஒரே எடை, ஒரே கோணம். ஒன்றில் மட்டும் போட்டால் இஞ்சின் இடம் வலமாகத் தலையாட்டத் தொடங்கும்.

எடையைப் பொருத்துவதில் கவனம் வேண்டும். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டரில் இருக்கும் அரைக் கிலோ, 650 சுற்றில் சுமார் 59 கிலோ விசையோடு வெளியே பறக்கப் பார்க்கும். அதனால் விளிம்பின் உட்புறத்தில், விளிம்பே அதைத் தடுத்துப் பிடிக்கும் இடத்தில், ஆரக்காலை இரண்டு பக்கமும் கவ்வும் தகட்டுக்கு நடுவே வைத்து, போல்டும் இரட்டை நட்டும் போடுங்கள். காந்தம், கட்டுக்கம்பி எல்லாம் சோதனைக்குக்கூட வேண்டாம். ஓடும்போது வீல் சுற்றும் திசைக்கு நேராக, எடை கழன்றால் பறந்து வரும் பாதையில், யாரும் நிற்கக்கூடாது; அதிலிருந்து விலகிப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கோலம் தெளிவாக விழாவிட்டால் கைபேசி உதவும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான பைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலியில் முடுக்கத்தின் அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்கலாம். கைபேசியை மரச்சட்டத்தில் இறுக ஒட்டி ஓடவிடுங்கள். நொடிக்கு 10.8 துடிப்பின் பக்கத்தில் எழும் முகடு எடை சம்பந்தப்பட்டது. 5.4-ல் எழுவது வெடியோடு வருவது. அது மிகப் பெரிதாக இருந்தால் முதல் படிக்குத் திரும்பிப் போங்கள். 21.7-ல் ஒரு முகடு எப்போதும் இருக்கும், கனெக்டிங் ராடு சாய்வதால் வருவது. அதற்கு வீலில் மருந்து இல்லை.

மேடையில் திரும்ப ஏற்றும்போது டீசல் குழாயில் கடைசி ஒரு அடியை ரப்பர் ஹோஸாகப் போடுங்கள். சைலன்சர் குழாயைக் கூரைச் சட்டத்தில் கட்டாமல் தனிக் கம்பத்தில் தாங்குங்கள். ஜெனரேட்டர் ஓட்டுபவர்களுக்கு ஒன்று: பல்பு மினுக்கினால் அது ஆட்டத்தால் அல்ல, இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி விழுவதால். வீல் கனமாக இருந்தால்தான் குறையும்.

முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்டையும் ஒருமுறை பாருங்கள், பத்து மணி நேரத்தில் மறுபடி. அதன்பின் வருடத்துக்கு இரண்டு தடவை போதும்: சித்திரையில் மண் வெடித்ததும், ஆடியில் வாய்க்கால் தண்ணீரில் மண் ஊறியதும். ரசமட்டத்தை இஞ்சின் பெட்டில் எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்பதைச் சுவரில் தேதியோடு எழுதுங்கள். எங்கள் கொட்டகைச் சுவரில் 2019-லிருந்து அப்படி எழுதி வருகிறோம். முதல் இரண்டு கோடையில் குமிழி மேற்குப் பக்கம் நகர்ந்து ஆடியில் திரும்பி வந்தது; பக்கவாட்டு மணலைத் தோண்டி மறுபடி இடித்து நிரப்பிய பிறகு நடுக்கோட்டிலேயே நிற்கிறது.